மைதீனுக்கு ஹெட்டிங் நாலு

1978 ஜூன் 6

கேன்டீனில் இன்றும் அதே கூச்சல். நான் எழுதிய ஃபுட்பால் விளையாட்டு ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓட ஆரம்பித்து ஒரு மாதம்தான் ஆகிறது, அதற்குள் ஆளாளுக்குப் பைத்தியம். ஆறு பேர், ஆறு டீம். ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுப்பது, விற்பது, யாரை இறக்குவது, யாரை உட்காரவைப்பது எல்லாம் அவரவர் பாடு. சனிக்கிழமை ஆபீஸ் வேலை முடிந்ததும் துளை போட்ட கார்டுக் கட்டை மெஷினில் கொடுத்தால், யார் யாரை எத்தனை கோலில் ஜெயித்தார்கள் என்று அச்சடித்துத் தள்ளும்.

முட்டி போனபிறகு மைதானத்துப் பக்கம் போகவே எனக்குப் பிடிக்காமல் இருந்தது. அந்த ஏக்கத்தில் எழுதியதுதான். கொஞ்சம் கர்வம் இருக்கிறது. எனக்கு நானே எழுதிக்கொள்வதில் என்ன வெட்கம்?

ஆட்டக்காரர்களுக்கு நம்மூர்ப் பையன்களின் பெயரையே வைத்தேன். கற்பனைப் பெயர் வைத்தால் எவன் சண்டை போடுவான்?

ஜூன் 12

லேபில் வேலை பார்க்கும் பஷீருதீன், தன் டீமிலிருந்த மைதீனை இன்னொரு டீம் வைத்திருக்கும் துரையிடம் விற்றுவிட்டான். மைதீன் அவன் சொந்தத் தம்பி! நிஜத்தில் சதுரங்கப்பட்டினம் கிளப்பின் சென்டர் ஃபார்வர்டு. சேதி வீட்டுக்குப் போய், அவர்கள் அம்மா சுல்தான் பீவி பஷீருக்கு ராத்திரி சோறு போடவில்லையாம். "கூடப் பொறந்தவன வித்துட்டு வந்து எங்கிட்ட சோறு கேக்கிறியா?"

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

ஜூன் 20

சிரித்ததெல்லாம் போதும். வயிறு எரிகிறது.

செங்கல்பட்டு டோர்னமென்டுக்குப் போகும் கிளப் டீமிலிருந்து மைதீனைத் தூக்கிவிட்டார்கள். தூக்கியவர் கிளப் செகரெட்டரி ஜானகிராமன். எங்கள் ஆபீஸ் அக்கவுன்ட்ஸ்காரர், என் விளையாட்டிலும் ஒரு டீம் வைத்திருப்பவர். அந்த மேட்சைப் பார்க்க மெட்ராஸிலிருந்து ஒரு கம்பெனி ஆள் வருகிறார், ஆட்டம் பிடித்தால் வேலை. மாமா மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கும் மைதீன் இரண்டு வருஷமாக இதற்காகத்தான் காத்திருக்கிறான்.

காரணம் என்ன தெரியுமா? கம்ப்யூட்டர் தாளில் மைதீனுக்கு ஹெட்டிங் பத்துக்கு நாலு என்று இருக்கிறதாம். தலையால் அடிக்கத் தெரியாதவன் எதற்குச் சென்டர் ஃபார்வர்டு என்றாராம்.

அட பாவி மனுஷா, அந்த நாலைப் போட்டதே நான்தானே! ஆளுக்கு மொத்தம் இருபது மார்க் என்று ஒரு கணக்கு வைத்தேன். மைதீனுக்கு ஓட்டத்துக்கு ஒன்பது, ஷாட்டுக்கு ஏழு. மிச்சம் இருந்தது நாலு. அதை ஹெட்டிங்கில் போட்டேன். பஜ்ஜி தின்றுகொண்டே போட்டேன்.

ஜூன் 21

ஜானகிராமன் அறைக்கே போய்ச் சொன்னேன். பஜ்ஜி உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். மனுஷன் என் தோளைத் தட்டிக்கொடுக்கிறார்!

"கேசவா, நீ மனுஷன். உனக்கு வேண்டியவன், வேண்டாதவன் உண்டு. மெஷினுக்கு ஏதுப்பா அதெல்லாம்?"

யோவ், மெஷினுக்குக் கண்ணும்தான் கிடையாது, அது எந்த மேட்சைப் பார்த்தது என்று கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தபிறகுதான் வாயில் வருகிறது. பார்வதத்தின் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், கட்டிக்கொண்ட தோஷம்.

ஜூன் 24

அதே டீம்கள், அதே ஆட்டக்காரர்கள், அதே மேட்ச். இரண்டு தடவை ஓட்டினேன். முதல் தடவை துரை ஜெயித்தான், இரண்டாம் தடவை தோற்றான். எல்லாம் குலுக்கல்தான் சார், பாருங்கள் என்று இரண்டு தாளையும் ஜானகிராமன் முன்னால் விரித்தேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, முதலில் வந்ததுதான் சரியாக இருக்கும், இரண்டாவதில் நீ ஏதோ கைவைத்திருக்கிறாய் என்கிறார்.

எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஜூன் 26

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

ஜூன் 28

ராத்திரி சாப்பிடும்போது மறுபடி அதே புலம்பல். பார்வதம் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "எல்லாருக்கும் மார்க்கு போடுறீங்க, அந்த ஆளுக்கு மட்டும் போட மாட்டீங்களா?" என்றாள்.

ஏன் போடக் கூடாது?

ஜூன் 30

புதிதாகச் சில கார்டு சேர்த்தாயிற்று. இனிமேல் வரிசையாக மூன்று மேட்ச் தோற்றால் டீம் வைத்திருப்பவருக்கே சீட்டுக் கிழியும். ஆறு பேரிடமும் சொல்லிவிட்டேன். எல்லாருக்கும் குஷி. ஜானகிராமனுக்குத்தான் ரொம்பக் குஷி. துரை தொலைந்தான் என்று சிரித்தார். அவர் ஏற்கெனவே இரண்டு மேட்ச் தோற்றிருப்பது அவருக்கு ஞாபகமே இல்லை.

ஜூலை 3

சத்தியமாக நான் கைவைக்கவில்லை. ஜானகிராமன் இருந்த பணத்தையெல்லாம் கொட்டிப் பின்னால் நிற்கும் பேக் ஆட்டக்காரர்களாக வாங்கி வைத்திருந்தார், முன்னால் நின்று கோல் போட ஆளில்லை. சனிக்கிழமை மூன்றாவது மேட்சும் போயிற்று.

இன்று கேன்டீனில் எல்லார் முன்னாலும் தாளைப் படித்தேன். "ஜானகிராமன், திறமைக் குறைவு காரணமாகப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்." ஒரே சிரிப்பு. அவர் முகம் சிவந்துவிட்டது.

"என்னய்யா இது? விளையாட்டுக்கு எழுதினத எல்லாம் இப்படிப் படிக்கிறதா? என்னப் பத்தி அந்த மெஷினுக்கு என்ன தெரியும்?"

"மைதீனப் பத்தி மட்டும் என்ன சார் தெரியும்?" என்றேன்.

இந்தத் தடவை வாயில் நேரத்துக்கு வந்தது! அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். சாயங்காலம் பஷீர் சைக்கிளில் வந்து, தம்பி மறுபடி கிளப் டீமில் இருக்கிறான் என்றான். பார்வதம் பாயசம் வைத்தாள்.

ஜூலை 9

எழுதவே பிடிக்கவில்லை.

செங்கல்பட்டில் நல்ல கூட்டம். மைதீன் குதிரை மாதிரி ஓடினான். வலது பக்கத்திலிருந்து பந்து அவன் நெற்றிக்கு நேராக வந்தது — குதித்தால் கோல். அவன் பின்வாங்கி, பந்து காலுக்கு இறங்கட்டும் என்று நின்றான். எதிராளி வந்து தட்டிக்கொண்டு போய்விட்டான். திரும்பவும் அதே. திரும்பவும். மெட்ராஸ் ஆள் எங்கள் கோல்கீப்பரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

போன வருஷம் இதே மைதானத்தில் தலையால் கோல் போட்டவன்! திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். இன்னாடா ஆச்சு உனக்கு?

"நமக்குத்தான் ஹெட்டிங் வராதே அண்ணாத்த. கம்ப்யூட்டர்லயே வந்துகீதே."

பஜ்ஜிக் கதையை அவனிடமும் சொன்னேன். இருபதில் மிச்சம் நாலு என்று விரல் விட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"நீ நல்ல மனசுக்காரன். அதான் இப்டி சொல்ற."

ஜூலை 10

இத்தனை நாள் ஜானகிராமனைத் திட்டிக்கொண்டிருந்தேன். இன்று யாரைத் திட்ட?

ஜூலை 15

கார்டுக் கட்டிலிருந்து ஊர்ப் பையன்கள் பெயரையெல்லாம் உருவிவிட்டேன். இனி கற்பனைப் பெயர்தான். எவனும் சண்டை போடாவிட்டால் போகட்டும்.

ஜூலை 23

விடிந்ததும் சதுரங்கப்பட்டினம் கடற்கரை. ஒரு வாரமாக இதேதான். நான் பந்தை எறிகிறேன், மைதீன் தலையால் அடிக்கிறான். மணலில் நிற்க முட்டி உயிர் போகிறது. முதல் இரண்டு நாள் பந்து வந்தாலே கண்ணை மூடிக்கொண்டான். இப்போது மூடுவதில்லை. இன்று ஒன்று நெற்றியில் பட்டுப் படகைத் தாண்டிப் போய் விழுந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கூட நிமிர்ந்து பார்த்தார்கள். ஜனவரியில் மறுபடி மெட்ராஸ் ஆள் வருவாராம்.

பந்தை எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க ஓடிவந்தான்.

"அண்ணாத்த, இப்ப எவ்ளோ போடுவ?"

மார்க்கே கிடையாது, அந்தப் பேச்சையே எடுக்காதே என்று கத்தினேன்.

"கோச்சிக்காத. ஒரு அஞ்சு போடேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பந்தைப் பிடுங்கி, முடிந்தமட்டும் உயரமாக எறிந்தேன்.