நீ வேண்டாமென்ற படம்

இன்று காலை கடியப்பட்டணம் கடற்கரையில் படப்பிடிப்பு. வண்டியை விட்டு இறங்கியதுமே உலரப் போட்டிருந்த நெத்திலியின் வாடை முகத்தில் மோதியது. உதவியாளர் கைக்குட்டையை நீட்டினார். எனக்கு உன் நினைப்பு வந்துவிட்டது. ஒரு காலத்தில் உன் தலைமுடியிலேயே இந்த வாடைதான் வீசும்.

நாகர்கோவில் கல்லூரி மேடையில் ஒன்றாக நடிக்கத் தொடங்கியவர்கள் நாம். சென்னையில் ஒரே அறையில் தங்கி வாய்ப்புத் தேடி அலைந்தோம். அந்தப் பெரிய படம் முதலில் உன்னைத்தான் தேடி வந்தது. பெரிய நாயகன், வெளிநாட்டில் பாட்டுகள், ஊரெல்லாம் பேச்சு. அதே வாரம் யாரும் கேள்விப்படாத ஒரு புது இயக்குநர், மீன் விற்கும் பெண்ணின் கதையோடு வந்தார். அதை ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டு, பெரிய படத்தை நீ வேண்டாமென்றாய்.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா?" என்று கத்தினேன்.

"அதுல எனக்குச் சேலை மாத்துகது மட்டும்தான் வேலை. இதுல நடிக்கதுக்கு இருக்கு மக்கா" என்றாய். "பெரிய படத்துக்காரங்ககிட்ட ஒனக்க பேரச் சொல்லியிருக்கேன். போய்ப் பாரு."

போனேன், கிடைத்தது. நாகர்கோவிலில் திரும்பிய பக்கமெல்லாம் என் முகம் பதாகையில் சிரித்தது. நீயோ இந்தக் கரையில் கூடை சுமந்து, மீன்காரிகளோடு பேரம் பேசிப் பழகிக்கொண்டிருந்தாய். பாவம் என்றுகூட நினைத்தேன்.

உன் படம் வந்தது. பாதி இருக்கைகள் காலியாகக் கிடந்த தியேட்டரில், முக்காடு போட்டுக்கொண்டு பார்த்தேன். கணவனின் வள்ளம் திரும்பவில்லை என்று உன்னிடம் வந்து சொல்கிறார்கள். நீ அழவில்லை. வாங்க வந்தவளுக்கு மீனை நறுக்கிக்கொண்டே இருக்கிறாய். கை மட்டும் மெதுவாகிறது. வெளியே வந்ததும் உன்னை அழைத்தேன்.

"நல்லா இருந்துச்சுட்டி."

"அது கெடக்கட்டு. பொறாமை வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்போ நல்லாத்தான் செய்திருக்கேன்" என்று சிரித்தாய்.

அதன் பிறகும் நீ அப்படித்தான். இயக்குநர் யார், கதை என்ன என்று மட்டும் கேட்டாய். நீ நடித்த படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொன்றிலும் நீ வேறு ஒருத்தி. என் படங்களில் எது எது என்று எனக்கே குழம்பும். நோய் உன்னைக் கொண்டுபோனபோது இந்தப் பொறாமையும் அடங்கிவிடும் என்று நினைத்தேன்.

அடங்கவில்லை. இன்று மதியம் இளசுகள் என்னோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தபோது, வயதான மீன்காரி ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"நீங்க அவளுக்க கூட்டுக்காரி இல்லியா? ஒங்க போட்டோவ அவ காட்டியிருக்கா. எங்ககூட இருந்து மீன் வித்தவளாக்கும் அவ. அவ செத்தப்போ நாங்க கோயில்ல அவளுக்க ஆத்துமாவுக்குப் பூசை வச்சோம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க எந்தப் படத்துல நடிச்சிருக்கிய?"

சொன்னேன். அவளுக்குத் தெரியவில்லை.

இளம் பெண் இயக்குநர் ஒருத்தி மாதக்கணக்காக ஒரு கதையோடு என்னைத் துரத்திக்கொண்டிருந்தாள். சின்னப் படம் என்று தட்டிக்கழித்து வந்தேன். சாயங்காலம் விடுதிக்கு வந்ததும் அவளை அழைத்து, செய்கிறேன் என்றேன். அதே நாட்களில் தொடங்கவிருந்த பெரிய படத்துக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன்.

பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அவள் எழுதிய வசனங்களை உரக்க வாசித்தேன். ஓரிடத்தில் குரல் தடுக்கியது. இதை நீ எப்படிச் சொல்லியிருப்பாய் என்று காதில் தெளிவாகக் கேட்டது. ஆத்திரமாக வந்தது. உன்னைவிட நன்றாகச் சொல்லிவிட வேண்டும் என்று, முதலிலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கினேன்.