படத்தில் இல்லாத முகத்துவாரம்

மாமு,

உன் தெர்மாமீட்டர் ஈரம் காயாமல் என் மேசையில் கிடக்கிறது. நைலான் கயிற்றில் நீ போட்ட முடிச்சு இன்னும் அவிழவில்லை. நீ கண்மூடிய பிறகு உன் மனைவி கொடுத்தனுப்பியது. பார்க்கப் பார்க்க என்மேலேயே எரிச்சல் வருகிறது.

ஆலைகள் விடும் சுடுதண்ணீரால் எண்ணூர் முகத்துவாரத்தில் மீன் அண்டுவதில்லை என்று முதலில் என்னிடம் சொன்னவன் நீ. செயற்கைக்கோள் எடுக்கும் அகச்சிவப்புப் படங்களில் கடலின் சூடு வருடா வருடம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பது என் வேலை. செயற்கைக்கோள் நம் ஊரைக் கடக்கும் காலை பத்தரைக்கு நீயும் தண்ணீரை அளந்தால் இரண்டையும் ஒப்பிடலாம் என்றேன். மீன்பிடிப்பை விட்டுவிட்டுப் படகோடு வந்து நின்றாய். "இன்னா மாமு, உன் சாட்டிலைட்டு பூட்ச்சா, இன்னும் வர்லயா?" என்று போனில் கேட்பாய். காகிதம் நனைந்துவிடும் என்று அளவுகளைப் படகின் உள்பக்கத்தில் மார்க்கரால் எழுதிவைப்பாய்.

கரையோரத்தில் நிலத்தின் சூடும் நீரின் சூடும் படத்தில் ஒரே புள்ளியாகக் கலந்துவிடும். அந்தப் புள்ளிகளை நீக்கிவிடுவது எங்கள் வழக்கம். நானும் நீக்கினேன். முகத்துவாரமே போய்விட்டது. "படத்துல அந்த இடம் இல்லடா" என்றேன்.

"நான் அங்கதான நின்னுகினு கீறேன், எடம் இல்லன்றியே?"

சிரித்தேன். கடைத்தெருவில் வாங்கிய தெர்மாமீட்டரின் அளவெல்லாம் அறிக்கையில் ஏறாது என்று வேறு சொன்னேன். ஒன்றைக்கூட எழுதிக்கொள்ளவில்லை. படித்த திமிர்.

ஆலைச் சுடுதண்ணீரை எதிர்த்து உங்கள் குப்பத்தார் கொடுத்த மனு போன வாரம் விசாரணைக்கு வந்தது. அதிகாரி என் படத்தையே விரித்தார். "சாட்டிலைட்லயே அங்க சூடு ஒண்ணும் தெரியலயே?"

"சூடு இல்லாம இல்ல சார், அந்த இடத்தை நான்தான் எடுத்துட்டேன்" என்று கத்தினேன்.

"அப்ப வேற அளவு இருக்கா?"

உன் படகை வாங்கிய எர்ணாவூர்க்காரரிடம் ஓடினேன். உள்ளும் புறமும் புது நீலம் அடித்திருந்தார். நகத்தால் சுரண்டினேன். "இன்னா சார் பண்ற? புது பெயின்ட்டு சார்!" என்று பதறினார். அடியில் ஒரு எண்கூட மிஞ்சவில்லை. படகிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த விசாரணைக்கு அளவு வேண்டும். இன்று காலை பத்தரைக்கு அந்த எர்ணாவூர்க்காரரையே அழைத்துக்கொண்டு, அதே படகில் போய், நீ நின்ற இடத்தில் உன் கயிற்றை இறக்கினேன். நான் கொண்டுபோன காகிதம் நனைந்து கிழிந்தது. மார்க்கர் கேட்டு வாங்கி, அவருடைய புது நீலத்தின் மேலேயே எழுதினேன். அவர் படகு ஆடாமல் பிடித்துக்கொண்டார்.

தண்ணீர் சுட்டது, மாமு. நீ சொன்னபடியே சுட்டது.