தொட்டி மூடி

மார்ச் 4
வனத்துறை நாற்றங்காலில் விதைத் தட்டுகளைப் பார்த்தேன். எதிலும் முளை இல்லை. குறித்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 7
தன் தம்பி, என் வீட்டுக்காரர், இறந்துபோன வீட்டில் என்னைத் தனியே விட நாத்தனாருக்கு மனமில்லை. இன்னும் ஊருக்குக் கிளம்பவில்லை. "ஏம்மா, இன்னிக்கு உப்பே போடல நான். நீ பாட்டுக்குச் சாப்டுட்டுப் போற?" என்றார். தட்டு காலியாகத்தான் இருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 11
இவர் கடைசியாகப் பொறுக்கி வந்த விதைகள். இந்தக் காட்டுக்கே உரிய மரம். தாய்மரமும் மழையில் சரிந்துவிட்டது, இனி விதை கிடைக்காது. தைலமரச் சருகு ஊறி இறங்கும் சாறு மற்ற விதைகளை முளைக்க விடாது என்பது இவர் கட்சி. அடியில் மண்டும் உன்னிப் புதரும் அதே ரகம்தான் என்பார். அதைச் சோதிக்கத்தான் பாதியைத் தைலமரத்தடி மண்ணிலும் பாதியை நல்ல மண்ணிலும் விதைத்தேன். இரண்டிலும் முளைக்கவில்லை.

அதிகாரி வந்து பார்த்தார். "மரத்து மேல பழி போடாதீங்க. விதையே சொத்தை. வெள்ளிக்கிழமை தட்டெல்லாம் காலி பண்ணிடுங்க."

சரி சார் என்றேன். சரியென்றா சொன்னேன்? இவர் தண்ணீரில் போட்டு, மிதந்ததையெல்லாம் எறிந்துவிட்டு எடுத்துவைத்த விதையாயிற்றே. அப்போது அது வாயில் வரவில்லை. கோபமும் வரவில்லை.

மார்ச் 12
ஒன்றுமில்லை.

மார்ச் 13
நாற்றங்கால் குழாயில் தண்ணீர் அடைத்துக்கொண்டது. தொட்டி மேல் ஏறிப் பார்த்தேன். மூடி ஓரமாகக் கிடந்தது. உள்ளே கறுத்த தேநீர் போலத் தண்ணீர், அதில் தைலமரச் சருகு குப்பையாக. அந்த மரம் தொட்டிக்கு மேலேயே கவிந்து நிற்கிறது.

ஐயோ, நல்ல மண்ணுக்கும் இதைத்தான் ஊற்றியிருக்கிறேன்!

தண்ணீர் பாய்ச்சுகிறவரைக் கேட்டேன். "மூடியா? தினம் உங்க வீட்டு சார்தானேம்மா மூடிட்டுப் போவாரு. அது எங்க வேலைன்னு யாரும் சொல்லலையே."

எனக்கே யாரும் சொல்லவில்லை. இத்தனை வருஷமாகச் சாயங்காலம் வீடு திரும்பும் வேனில் உட்கார்ந்து, இந்த மனுஷனுக்குக் கிளம்பவே மனசு வராதா என்று திட்டிக்கொண்டிருந்தேன் — மூடி போடப் போயிருக்கிறார்.

அழுகை வரவில்லை.

மார்ச் 14
வெள்ளிக்கிழமை. காலி செய்யவில்லை. "தண்ணிதான் கெட்டுப்போச்சு சார். விதையைச் சொத்தைன்னு சொல்லாதீங்க!" என்றேன். குரல் ஓங்கிவிட்டது போலிருக்கிறது. "சரிம்மா, சரிம்மா" என்று அதிகாரி நகர்ந்துவிட்டார்.

இனி எல்லாத் தட்டுக்கும் கிணற்று நீர்தான். நல்ல மண்ணை அலசி, கரித்தூளும் கலந்தேன். மிச்சச் சாற்றைக் கரி பிடித்துக்கொள்ளும்.

மார்ச் 29
இன்னும் இல்லை.

ஏப்ரல் 7
நல்ல மண்ணில் வரிசையாக முளை, கூனிக்கொண்டு மேலே வருகிறது. தைலமரத்தடி மண்ணில் ஒன்றுகூட இல்லை. இவர் கட்சிதான் ஜெயித்தது. போய்ச் சொல்லத்தான் ஆள் இல்லை.

சாயங்காலம் தொட்டியை மூடிக் கல் வைத்தேன். வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அடிக்கட்டும்.

சாப்பிடும்போது, "அண்ணி, உப்பு ஜாஸ்தி" என்றேன். நாத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தார். நானும்.