கழுத்தில் கிடந்த ஒயர்

அன்புள்ள அக்கா, காதுக்குள் இடியை வைத்துக்கொண்டு ஹார்பர் லைன் மின்சார ரயிலின் லேடீஸ் டப்பாவில் சாந்தமாக உட்கார்ந்திருந்தவளே,

நீ போய் ஒரு வருஷமாகி, உன் வருஷாப்திகமும் முடிந்தது. மறுநாள் அத்திம்பேர் மாட்டுங்காவில் ஹால் பிடித்து, உன் நினைவாக நாமசங்கீர்த்தனம் வைத்தார். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு ஸ்லோகப் புத்தகம் கொடுத்தார்கள். அட்டையில் உன் படம். நான் எடுத்ததுதான். செம்பூர் பிளாட்பாரத்தில் வண்டிக்காக நீ நின்றுகொண்டிருந்தாய். காதிலிருந்து மார்புவரை இயர்போன் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது ஒயரைக் காணோம். ஸ்டூடியோக்காரனிடம் சொல்லி அதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு தங்கச் சங்கிலி போட்டு வைத்திருக்கிறார். கனமான இரட்டை வடம். உயிரோடு இருந்தவரைக்கும் அப்படி ஒன்றை உன் கழுத்தில் யாரும் பார்த்ததில்லை.

பிறகு மைக்கைப் பிடித்தார். "ஆத்துக்காரிங்கறதுக்காகச் சொல்லலை. ஆபீஸ் போற வழியெல்லாம் காதுல ஸ்லோகம்தான். கண்ணை மூடிண்டு, அப்படியே லயிச்சுப் போயிடுவா. சேந்து போற மாமிகளைக் கேட்டுப் பாருங்கோ." சபை முழுக்க 'அடடா' என்றது. முன்வரிசையில் ஒரு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கி அடிக்கவேண்டும் போல இருந்தது.

நீ கேட்டது ஸ்லோகமா அக்கா? ஜப்பான்காரர்கள் தொண்டை கிழியக் கத்தும் ராக் பாட்டு அல்லவா?

அது எப்படி ஆரம்பித்தது என்று எனக்கு மட்டும்தான் சொன்னாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கர்ப்பப்பையை எடுத்துவிட்டு நீ வீட்டில் படுத்திருந்த சமயம். அத்திம்பேர் காலையிலிருந்து டிவியில் உபன்யாசத்தை அலறவிடுவார். "அதை அடைக்கறதுக்கு அதைவிடப் பெரிசா ஒரு சத்தம் வேணும்னு தேடினேன்டா. போன்ல இவா வந்து சேர்ந்தா" என்றாய். தமிழ்ப் பாட்டு, ஹிந்திப் பாட்டு கேட்கக்கூடாதா என்றேன். நீ சொன்னது வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. "அதெல்லாம் புரியும்டா. புரிஞ்சா அழுகை வரது. இவா கத்தறது ஒரு அக்ஷரம் புரியலை. அதனால எனக்காகத்தான் கத்தறான்னு வெச்சுக்கலாம்."

உனக்காக யாராவது கத்தியிருக்கத்தான் வேண்டும். பாங்கில் ஆபீசர் பிரமோஷன் வந்தது. ஊர் மாற்றுவார்கள் என்பதால் வேண்டாம் என்று உன்னையே எழுதிக் கொடுக்க வைத்தார் அத்திம்பேர். உனக்குப் பின்னால் சேர்ந்தவர்களிடம் நீ லீவு கேட்டு நின்றாய். அன்றைக்கும் நீ குரல் உயர்த்தவில்லை. ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே அதை என்னிடம் சொன்னாய். நான் அதை மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

அந்தக் குழுக்களின் பெயர் உன் வாயில் நுழையாது. பஜனை கோஷ்டி மாதிரி எல்லாமே உனக்குக் கோஷ்டிதான். புதிதாகக் கேட்பவனுக்கு எடுத்தவுடன் இடியை ஊட்டக்கூடாது என்பாய். முதலில் மழைக் கோஷ்டி: ஒற்றை கிடார், ஜன்னல் ஓரம் உட்கார்ந்து முனகுகிற மாதிரி ஒரு குரல். பிறகு நாத்தனார் கோஷ்டி. மூன்று பெண்கள். ஆளுக்கொரு வாத்தியம், மூவருமாகச் சேர்ந்து சண்டைக்கு வருவார்கள். அதற்கப்புறம் கணக்கு வாத்தியார்கள். தாளம் போட்டுப் பார்த்தால் கை தடுமாறும். "ஏழுன்னு நினைச்சா ஒம்பதா மாறறதுடா, அயோக்கியனுகள்" என்று தொடையில் தட்டிக்கொண்டே சிரிப்பாய். இத்தனையும் தாங்கினவனுக்குக் கடைசியில் பாத்திரக் கோஷ்டி. பரணில் இருந்து அத்தனை பாத்திரமும் ஒன்றாக விழுகிற சத்தம். பொறுத்துக்கொண்டு கேட்டால் அதற்குள்ளே, ரொம்ப தூரத்தில், ஒரு பெண் தாலாட்டு மாதிரி எதையோ பாடிக்கொண்டிருப்பாள். முதல் தடவை அது எனக்குக் கேட்கவில்லை. "காதைத் தீட்டிக்கோடா மக்கு" என்றாய்.

ஆபீஸ் மேஜையிலேயே நீ சாய்ந்து போனதற்கு அப்புறம் அந்தப் பாட்டுகளைக் கேட்க வேண்டும் போல இருந்தது. உன் போனைக் கேட்டு செம்பூருக்குப் போனேன். அத்திம்பேர் அதை எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் கொடுத்துப் புதுப் போன் வாங்கியிருந்தார். "பழசை வெச்சுண்டு என்னடா பண்றது, பேட்டரியும் போயாச்சு" என்றார். நாத்தனார் கோஷ்டி, பாத்திரக் கோஷ்டி என்று அடித்தால் எந்த யந்திரம் கண்டுபிடித்துத் தரும்? என்னிடம் இருந்தது நீ வைத்த செல்லப் பெயர்கள் மட்டும். ஒரு வருஷமாக, உன்னைப்போலவே, அந்தப் பாட்டுகளும் செத்துப்போனதாக நினைத்திருந்தேன்.

ஹாலில், கடைசி வரிசையில், எனக்குத் தெரியாத ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். புத்தக அட்டையைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணே, நீங்க அக்காவுக்குத் தம்பிதான? இந்தச் செயின எப்ப வாங்குனாவ? கழுத்துல ஒயருல்லா கெடக்கும்!"

செல்வி. தாராவியில் பிறந்து சுனாபட்டியில் வாழ்க்கைப்பட்டவள். கோட்டைப் பக்கம் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. நீ செம்பூரில் ஏறி, அவளுக்காகப் பக்கத்து இடத்தில் பையை வைத்துக்கொண்டு வருவாயாமே. இவளைப் பற்றி என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

"எனக்கு ஒரு பக்கத்த கழட்டித் தந்துருவாவ. மொதல்ல மழ, பொறவு நாத்தனாருவ. வடாலா ஸ்டேஷன் தாண்டுனதும் பாத்திரம். டப்பாவுல ஒருத்தி காய் நறுக்குவா, ஒருத்தி சண்ட போடுவா, நாங்க ரெண்டுவேரும் கம்முன்னு இருப்போம். பாக்கவங்களுக்கு ஏதோ சாமி பாட்டுன்னு தோணும்."

அவள் போனில் எல்லாமே இருக்கிறது அக்கா. நீ அனுப்பினது ஒன்றையும் அவள் அழிக்கவில்லை.

நேராக அத்திம்பேரிடம் போனேன். அவர் பாகவதருக்கு மாலை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். "அவள் கேட்டது ஸ்லோகம் இல்லை" என்றேன்.

"தெரியும்டா" என்றார்.

மாலையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தெரியாதுன்னு நெனச்சியா? தூங்கும்போது காதுலேர்ந்து அந்த எழவை எத்தனை நாள் நான் எடுத்து வெச்சிருக்கேன். இத்தனை பேர் முன்னாடி என்ன சொல்லச் சொல்றே? ஜப்பான்காரன் ஊளையிடறதைக் கேட்டுண்டு செத்துப் போனாள்னா? நல்லபடியாத்தானேடா சொன்னேன்?"

தெரியாமல் செய்திருந்தால் முட்டாள் என்று விட்டுத் தொலைத்திருப்பேன். தெரிந்தே உன்னை அழித்து, தெரிந்தே சங்கிலி வரைந்திருக்கிறார். நான் மைக்கை நோக்கி நடந்தேன். செல்வி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேண்டாம்ணே. அக்காவுக்குப் பிடிக்காது. ஒருநா ஒரு மாமி 'ஸ்லோகமா'ன்னு கேட்டதுக்கு அக்கா ஆமான்னு தலைய ஆட்டுனாவ. ஏன்க்கா பொய் சொல்லுதியன்னேன். 'நெஜத்தைச் சொன்னா அதுக்கும் ஒரு அபிப்பிராயம் சொல்லுவாடி. இது ஒண்ணாவது யார் அபிப்பிராயமும் படாம எங்கிட்ட இருக்கட்டும்'னாவ."

அப்படியானால் இந்தப் பொய்யைத் தொடங்கி வைத்தது நீதானா? அத்திம்பேர் மைக்கில் சொன்னது உன் தலையாட்டலைத்தானா? அந்த ஹாலில் எனக்கு உன் மேலேயே கோபம் வந்தது. செத்தவளிடம் எப்படிச் சண்டை போடுவது? நீ இருந்தால், "சரி சரி, மோர் குடி" என்பாய். அந்தக் கோபத்தோடு உட்கார்ந்து ஜால்ரா சத்தத்தைக் கடைசிவரை கேட்டேன். உன் நினைவில் நடந்த கச்சேரியில் உன்னுடையது என்று ஒரு சத்தமும் இல்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அந்த மாமி "ஸ்லோகமா" என்று கேட்டாள். பதிலைத் தானே வைத்துக்கொண்டு கேட்டவள். செல்வி முதல் நாள் உன்னிடம், "என்னத்தக்கா இப்படி ரசிச்சுக் கேக்கிய?" என்று கேட்டாளாம். அவளுக்கு நீ தலையாட்டவில்லை. ஒரு பக்கத்தைக் கழற்றிக் கொடுத்தாய்.

அதனால் இதில் உன் பெயரை நான் எழுதவில்லை. கோஷ்டிகளின் நிஜப் பெயர்கள் இப்போது எனக்குத் தெரியும், அவற்றையும் எழுதவில்லை. இதைப் படித்துவிட்டு அபிப்பிராயம் சொல்லக் காத்திருப்பவர்கள் ஏமாறட்டும். ஆனால் அந்தச் சங்கிலியை மட்டும் என்னால் விடமுடியாது. உன் கழுத்தில் கிடந்தது ஒயர். அதை அச்சில் ஏற்றவே இந்தக் கடிதம். அத்திம்பேரும் படிக்கட்டும்.

என் பங்குக்கு ஒன்று செய்கிறேன். வரும் திங்கட்கிழமை செம்பூரில் ஜென்ட்ஸ் டப்பாவில் ஏறுவேன். சுனாபட்டியில் செல்வி லேடீஸில் ஏறுவாள். அவள் எனக்கும் அனுப்பிவிட்ட பாட்டுகளை, நீ போட்டுக் கொடுத்த வரிசைப்படியே, அவரவர் போனில் மழையிலிருந்து ஆரம்பிப்போம். என் கழுத்தில் ஒயர் தொங்கும், எல்லோர் கண்ணிலும் படும்படியாக. எவனாவது "ஸ்லோகமா சார்?" என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். "என்ன கேட்கிறீர்கள்?" என்று கேட்பவன் வந்தால், ஒரு பக்கத்தைக் கழற்றி அவனிடம் கொடுப்பேன்.

வடாலா தாண்டும்வரை பாத்திரத்தை உருட்டமாட்டேன். இது சத்தியம்.

உன்னோடு இன்னும் சண்டை பாக்கி வைத்திருக்கும்,
உன் தம்பி, மக்கு.