பச்சை மரம் என்று நீ சொன்னது

இன்று காலை தோட்டத்துப் பங்களாவின் சாப்பாட்டறையில் ஒரு தரைப்பலகையைக் கழற்ற வேண்டி வந்தது. கீழே எலி செத்துக் கிடக்கிறதென்று புது துரை முகத்தைச் சுளித்தார். பலகை எழும்பியதும் எலி நாற்றத்துக்கு முன்னால் ஈர மண் வாடைதான் வந்தது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் வந்த அதே வாடை. நீ போய்ச் சேர்ந்து இத்தனை காலமாகியும் உன்னோடு மனம்விட்டுப் பேச எனக்கு நேரம் வாய்க்கவில்லை. வாய்க்கவில்லை என்பதும் பொய். பயம்.

அந்தத் தரையை, தோட்டத்துத் தச்சனான நீ, ஆடி மாதத்தில் போட்டாய். அதற்கு முன் ஒரு வருஷம் முழுக்கப் பலகைகளைக் கொட்டகையில் அடுக்கி, நடுவில் குச்சி வைத்துக் காற்றாட விட்டிருந்தாய். பிள்ளைகளைத் தூங்கவைப்பது போல வைத்திருக்கிறாயே என்று நான் கேலி செய்ததுண்டு. சுவரோரம் எல்லாம் ஒரு விரல் இடம் விட்டாய். தரைக்கு அடியில் காற்றோட வேண்டுமென்று கொத்தனாரிடம் சண்டை பிடித்து, அடிச்சுவரில் நான்கு துவாரம் வைக்கச் செய்தாய். பங்களாவில் சமைக்கும் அப்புவான எனக்கும் சொல்லி வைத்தாய்.

"பலகை காஞ்சாலும் நனைஞ்சாலும் தாங்கிக்கும் அப்பு. மேல ஒரு மாதிரி, கீழ ஒரு மாதிரி இருந்தாத்தான் முறுக்கிக்கும். மழைக்கு அந்த நாலும் தொறந்து கெடக்கணும்."

நம் ஊர் ஆடிக்காற்று உனக்குத் தெரியாததா. காய்ந்த பலகைகளின் இடுக்கு வழியே அது புகுந்து விரிப்பைத் தூக்கியது. துரைசானி கால் குளிர்கிறது என்றாள். நான் கெட்டிக்காரன் அல்லவா, வெளியே போய் நான்கு துவாரத்தையும் அடைத்தேன். மூன்றுக்குச் சாக்கு போதுமாயிருந்தது. நான்காவதுக்கு என் மனைவியின் பழைய சேலைக் கிழிசலைத் திணித்தேன். மேலே மண் பூசி, சுண்ணாம்பும் அடித்தேன். உன்னிடம் சொல்லவில்லை. ஐப்பசி மழைக்கு முன் எடுத்துவிடலாம் என்றிருந்தேன்.

மழையும் வந்தது, என் மனைவிக்கு மாதமும் நெருங்கியது. அந்தக் கவலையில் துவாரங்களைச் சுத்தமாக மறந்தேன். மேலே கணப்பில் நெருப்பு எரிந்தது. கீழே மண் ஈரம் போக வழியில்லாமல் பலகையின் அடியில் ஏறியது. கார்த்திகையில் ஒவ்வொரு பலகையும் இரண்டு ஓரமும் தூக்கி, நடுவில் குழிந்தது. பிறகு ஒன்றையொன்று நெருக்கி, சட்டத்தை விட்டே எழும்பின. மேசை நொண்டியது.

துரை உன்னைக் கூப்பிட்டார். நீ ஒரு பலகையைக் கழற்றி, விளக்கோடு கீழே இறங்கினாய். நான் தட்டை ஏந்தியபடி நின்றேன். வெகுநேரம் கழித்து, முழங்கையெல்லாம் சேறாக ஏறி வந்தாய்.

"என்னா கோளாறு?" என்றார் துரை.

நீ என்னைப் பார்க்கவில்லை. "மரம் பச்சைங்க தொரை. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

ஒரு வருஷம் காய்ந்த மரம். எனக்குத் தெரியும். அப்போது வாயைத் திறந்திருந்தால், நிறைமாதக்காரியோடு அன்றே பங்களா அடுப்படியை ஒட்டித் தந்திருந்த வீட்டைக் காலி செய்திருப்பேன். திறக்கவில்லை. பிள்ளை பிறந்ததும் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளே உன்னைத் துரத்திவிட்டார்கள். துண்டுச் சீட்டும் தரவில்லை. அது இல்லாமல் எந்தத் தோட்டம் உன்னைச் சேர்க்கும்? உளி பிடித்த கையால் கொஸ்லந்த ரோட்டில் கல் உடைத்தாய். மாசியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று.

உன்னைத் துரத்திய வாரமே துவாரங்களைத் திறந்துவிட்டேன். மூன்றில் சாக்கு இருந்தது. நான்காவதில் மண்ணை இடித்தால் உள்ளே ஒன்றுமில்லை. எலி இழுத்துப்போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த ஆடிக்குள் பலகைகள் தாமாகவே படிந்தன. உனக்கு ஒன்றும் தெரியாது, உன் கணக்கு எங்கோ தப்பியதென்று நீயே நம்பியிருப்பாய் என்று எண்ணி இத்தனை நாள் தூங்கினேன்.

இன்று எலியைத் தேடி முதல்முறையாக நானே கீழே இறங்கினேன். சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் ஏதோ செருகியிருந்தது. இழுத்தேன். மஞ்சளில் சிவப்புக் கட்டம் போட்ட சேலைக் கிழிசல். இறுக்கிச் சுருட்டி, நீ கோடு அடிக்கும் காவி நூலால் கட்டியிருந்தது. என் வீட்டுக் கொடியில் அந்தச் சேலையை நீ எத்தனை முறை பார்த்திருப்பாய். சாக்கு யாருடையதாகவும் இருக்கலாம் என்று விட்டிருக்கிறாய். இதை மட்டும் உருவி ஒளித்துவிட்டுத்தான் மேலே ஏறி வந்திருக்கிறாய்.

கிழிசலை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவி உடனே அடையாளம் கண்டுகொண்டாள். இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நூலை அவிழ்க்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"அவரு பொண்டாட்டி இன்னும் கொஸ்லந்தயிலதானே இருக்கா?"

"ஆமா."

"பச்சை மரத்தைப் போட்டு வேலைய கெடுத்தவன் பொண்டாட்டின்னுதானே இத்தன வருஷமா பேரு வாங்கியிருக்கா. நாளைக்கே போங்க. அப்ப வயித்துல இருந்த மகளயும் கூட்டிட்டுப் போங்க. யாருக்காக வாய மூடுனாருன்னு அவ பாக்கட்டும்."

விடிந்ததும் கிளம்புகிறோம். நூல் கட்டியபடியே அது என் மடியில் இருக்கிறது. உன் வீட்டு வாசலில் முதல் வார்த்தையை எப்படிச் சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.