நோட்டின் முதல் பக்கம்

1961 ஜூன் 12, திங்கள்

ராஜத்தின் விரல்களில் நீல மை அப்பியிருந்ததைத்தான் முதலில் பார்த்தேன். மதுரைக் கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதிவிட்டு நேராக எங்கள் பூண்டுத் தோட்டத்துக்கே வந்துவிட்டாள்.

எட்டாம் வகுப்புவரை நாங்கள் ஒரே பெஞ்சு. அம்மா படுக்கையில் விழுந்ததும் நான் பள்ளியை விட்டு நின்றுவிட்டேன்.

"விலங்கியல்னா தவளைய அறுக்கணுமாம்டி. எனக்குக் கொமட்டும். அதான் தாவரவியல்னு போட்டுட்டேன்" என்றாள். "மொத வருசமே செடியெல்லாம் காயவெச்சு ஒட்டிக் குடுக்கணுமாம். ஒங்கிட்டதான் ஒரு நோட்டு சும்மா கெடக்கே?"

அந்த நோட்டில் இருந்தவை மூன்று வருடமாகச் சோலைக்காட்டில் பறித்து, செய்தித்தாளில் வைத்து, அம்மிக்கல்லால் அழுத்தி ஒட்டியவை. ஓடைப் பெரணி காய மட்டும் இருபது நாளானது. என்றாவது தாவரவியல் படிக்கப் போகிறேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அதனால் அவள்மேல் கோபப்படவும் வழியில்லை.

வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்து வந்தேன். முதல் பக்கத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஒம் பேருல்ல இருக்கு. உள்ள செடிப் பேரெல்லாம் ஒங் கையெழுத்து. எம் பேர நான் எழுதுனா கையெழுத்து மாறிரும், டீச்சரு கண்டுபிடிச்சிருவாங்க. நீயே எழுதிக் குடு. வெரசா, மதுரைக்குப் போற லாரி போயிரும்."

அவள் பேனாவையே வாங்கினேன். என் பெயர் இருந்த தாளைக் கிழித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அடுத்திருந்த வெற்றுப் பக்கத்தில், 'ராஜம், பி.எஸ்ஸி. தாவரவியல்' என்று கோணாமல் எழுதிக் கொடுத்தேன்.

லாரி போனபின் விரல் மையை மண்ணில் தேய்த்துவிட்டு, மிச்சப் பூண்டைப் பிடுங்கினேன்.