விசில் ஊதினால் பின்னறை

அன்புள்ள என்னங்க,

உங்களை இப்படிக் கூப்பிட்டே நாக்கு பழகிவிட்டது, கடிதத்திலும் வேறு எதுவும் எழுத வரவில்லை. இங்கே எல்லோரும் நலம். இந்த ஒரு வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மீதியைப் படியுங்கள். அடுத்த துறைமுகத்தில் உங்கள் கப்பலில் ஏறப்போகும் சமையல்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் பாதியில் நீங்கள் கத்துவீர்கள், இல்லாவிட்டால் லைன் போய்விடும்.

நீங்கள் பார்த்துப் பார்த்து வாங்கிய இன்வெர்ட்டர் சனிக்கிழமை மதியம் எரிந்துவிட்டது. கரண்ட் போனால் பிள்ளைகள் இருட்டில் தவிக்கக் கூடாது என்று வாங்கியது. முதலில் வயர் கருகும் வாடை வந்தது, எழுந்து பார்ப்பதற்குள் ஹால் முழுக்கப் புகை. தீயணைப்பு வண்டி வந்து அணைத்துவிட்டுப் போனது. சோபா போயிற்று. ஹாலில் ஒரு பக்கச் சுவர் அடுப்படி மாதிரி கறுத்துக் கிடக்கிறது. வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.

கப்பலில் தீத்தடுப்புக்கு நீங்கள்தான் பொறுப்பு என்பதால் வீட்டையும் ஒரு சின்னக் கப்பலாக்கிவிட்டுப் போனீர்கள். எது சரியாக இருந்தது, எது சொதப்பியது என்று கேட்பீர்கள். அச்சகத்தில் நாள் முழுக்கப் பிழை பார்க்கிறவள் நான், இதையும் பார்த்துவிட்டேன். தீயணைக்கும் சிலிண்டரை இன்வெர்ட்டருக்கு நேர்மேலே மாட்டியிருந்தீர்கள். அதை எடுக்க நெருப்புக்குள்தான் கை விட வேண்டும். அவசரப் பை பரண்மேல் இருந்தது, ஏணி மாடி வீட்டில் இருந்தது. பிறகு இறக்கிப் பார்த்தேன். டார்ச்சில் பேட்டரி கசிந்து பச்சையாகப் பூத்திருக்கிறது. சின்னவனுக்கு என்று வைத்த செருப்பு இப்போது அவன் பாதி காலுக்குத்தான் வரும். பிஸ்கட் பாக்கெட்டுகள் எல்லாம் ஒழுங்காக மடித்து ஒட்டியபடி இருந்தன, உள்ளே மட்டும் ஒன்றும் இல்லை. யார் வேலை என்று விசாரித்தேன். பெரியவள் தம்பியைப் பார்த்தாள், தம்பி கூரையைப் பார்த்தான். அவசரத்துக்கு வேண்டிய நம்பர்கள் எல்லாம் என் போனில் இருந்தன. போன் இன்வெர்ட்டர் பக்கத்தில் சார்ஜில் இருந்தது. தீயணைப்புக்குப் போன் போட்டதுகூட எதிர்வீட்டுத் தையற்காரர்தான்.

இவை எல்லாம் சின்னப் பிழைகள். ஒரு மாலையில் திருத்திவிடலாம்.

நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி விசிலை ஊதினேன். பிள்ளைகள் இரண்டும் எதையும் எடுக்காமல் வாசல் கேட்டுக்கு ஓடின. அந்த மட்டும் சபாஷ். நீங்கள் ஒட்டிவைத்த தாளில் இருக்கிற மாதிரி தலைகளை எண்ணினேன். தாளில் நான்கு பேர், கடலில் இருக்கிற உங்களைக் கழித்தால் மூன்று. மூன்றும் சரியாக இருந்தது. நிம்மதியாக மூச்சு விட்டேன். அப்போது சின்னவன் என் புடவையைப் பிடித்து இழுத்து, "அம்மா, தாத்தா எங்க?" என்றான்.

எந்தத் தாத்தா என்று கேட்பீர்கள். என் அப்பா காலமாகித்தான் வருஷங்கள் ஆகின்றனவே. உங்கள் அப்பாதான்.

நீங்கள் இந்தத் தடவை கப்பல் ஏறிய கொஞ்ச நாளில் மாமா குளியலறையில் வழுக்கி விழுந்தார். உங்கள் அண்ணன் வீட்டில் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், பகலில் பார்க்க ஆள் இல்லை. நான் போய்க் கூட்டிவந்துவிட்டேன். சமையலறைக்குப் பின்னால் இருக்கிற அறையில் இருக்கிறார். வந்த அன்றே என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனுக்குச் சொல்லாதேம்மா, நடுக்கடல்ல இருக்கறவன் மனசக் கலைக்க வேணாம்" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். அவர் பெயரை எடுத்தாலே நீங்கள் எழுந்து போய்விடுகிறவர். எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

மாதா மாதம் நாங்கள் பயிற்சி செய்து உங்களுக்கு வீடியோ அனுப்புகிறோம் அல்லவா? பெரியவள் படம் எடுப்பாள், நான் விசில் ஊதுவேன். விசில் கேட்டதும் மாமா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார், உங்கள் கண்ணில் படக் கூடாது என்று. முடிந்ததும் நான் போய்த் தட்டினால் வெளியே வருவார். எங்கள் எல்லோரையும்விட அதை ஒழுங்காகச் செய்தவர் அவர்தான். சனிக்கிழமையும் அதையேதான் செய்திருக்கிறார்.

முன்பக்கம் உள்ளே நுழைய முடியவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். பின்வாசல் உள்ளே தாழ் போட்டிருந்தது. பின்னறை ஜன்னலை உடைந்துவிடுகிற மாதிரி தட்டினேன். மாமா மெதுவாகத் திறந்தார். கண்ணெல்லாம் நீர், இருமல். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "எடுத்து முடிச்சாச்சாம்மா? இந்தத் தடவ புகையெல்லாம் போட்டிருக்கீங்களே" என்றார்.

எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே அதட்டினேன். துண்டை நனைத்து மூக்கில் கட்டச் சொல்லி, சமையலறை வழியாகச் சுவரைத் தொட்டுக்கொண்டே வரச் சொன்னேன். அவரே வந்து பின்வாசல் தாழைத் திறந்தார். அந்தத் தாழ் விலகும் சத்தம் வரும்வரை நான் கும்பிடாத தெய்வம் இல்லை. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். இருமல் மட்டும் மிச்சம். பயப்பட ஒன்றும் இல்லை என்றார் டாக்டர்.

அத்தை சாகக் கிடந்தபோது நடுக்கடலில் இருக்கிறவனுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று மாமாதான் முடிவு செய்தார். முகத்தைக்கூடப் பார்க்கவிடாமல் செய்துவிட்டார் என்று நீங்கள் அன்றோடு பேச்சை நிறுத்தினீர்கள். உங்கள் கோபத்தில் எனக்குப் பாதி சம்மதம் உண்டு. அதனால்தான் இதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டில் அதே தப்பு இரண்டாம் தடவை நடக்க வேண்டாம்.

சிலிண்டரை வாசல் பக்கம் மாற்றிவிட்டேன். பை இப்போது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது, பிஸ்கட்டுக்குப் பெரியவள் காவல். சுவரில் இருக்கிற தாளில் மட்டும் நான் கை வைக்கவில்லை. அது உங்கள் கையெழுத்து, நான்கை ஐந்தாக்க வேண்டியவர் நீங்கள்.

நேற்று மறுபடி பயிற்சி வைத்தேன். வீடியோ கிடையாது, யாரும் பார்க்கப்போவதில்லை, வாசலுக்கு வாருங்கள் என்று மாமாவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். சரி என்றார். விசில் ஊதினேன். எழுந்தார், செய்தித்தாளை மடித்தார், பின்னறைக்கே போனார். போய்க் கேட்டால், "அவன் வீட்டு வாசல்ல நான் நிக்கலாம்னு அவன் சொல்லட்டும்மா, நிக்கறேன்" என்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கரை தெரிந்து போனில் சிக்னல் கிடைத்ததும் கூப்பிடுங்கள், புதுப் போனிலும் எனக்குப் பழைய நம்பர்தான். எடுத்ததும் ஒன்றும் பேசாமல் நேராகப் பின்னறைக்குக் கொண்டுபோய் அவர் காதில் வைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
கேட்டருகே மூன்று என்று எண்ணி நிம்மதியாக இருந்துவிட்ட உங்கள் மனைவி